பாட்டி பாதியில் விட்ட ஒட்டுப்போர்வையை எங்கிருந்து தொடர்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்து மறைந்த தம் பாட்டி, பழைய சேலைகளை வெட்டித் தைத்துவந்த ஒரு போர்வையைப் பாதியில் விட்டுச் சென்றிருப்பதாகவும், அதனுடன் ஒரு பெட்டி நிறையத் துண்டுத்துணிகள் கிடைத்திருப்பதாகவும், தமக்குத் தையல் அதிகம் தெரியாதென்றும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அந்தப் போர்வையை அப்படியே பாதுகாப்பதா அல்லது முடித்துப் பயன்படுத்துவதா, தையல் தெரியாதவர் எதிலிருந்து தொடங்குவது, பதினொரு வயது மகளையும் கண்பார்வை மங்கிய தாயாரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பன அவருடைய கேள்விகள். இதே ஊரில் நெடுங்காலம் தையல்தொழில் செய்து, பிறகு பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் தையல் கற்றுக்கொடுத்து வருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

போர்வையைக் கட்டாயம் முடியுங்கள், சகோதரி. ஆனால் முதலில் அதில் கை வைக்காதீர்கள். பெட்டியில் இருக்கும் துண்டுகளைக் கொண்டு சிறிதாக ஒன்றைத் தைத்து, கை பழகிய பின்னரே பாட்டியின் வேலைக்குப் போக வேண்டும். அதற்கு முன், உங்கள் கையில் இருப்பது என்ன வகையான வேலை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்கள் சூழ்ந்த நம் ஊர்ப்பக்கத்தில், விடிவதற்கு முன்பே பெரட்டு என்னும் பெயர்கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டிய தாய்மார்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குச் சென்றார்கள். அந்த நேரத்துக் குளிருக்குக் கடையில் வாங்கும் கம்பளி குழந்தையின் தோலில் உறுத்தும். பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலைதான் அதற்கு ஏற்றது. சேலையை மூன்று நான்கு மடிப்பாகப் போட்டு, மடிப்புகள் விலகாதபடி குறுக்கும் நெடுக்கும், ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டும் ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை கிடைத்துவிடும். கிழிந்த இடத்தில் இன்னொரு சேலைத்துண்டை ஒட்டுப்போட்டு, அதன்மேல் வேறொன்றை ஒட்டுப்போட்டு வந்ததில், சில ஆண்டுகளில் முதலில் இருந்த சேலையே கண்ணுக்குத் தெரியாமல் போய், ஒட்டுகள் மட்டுமே போர்வையாக நிற்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், குடும்பங்கள் தோட்டத்து லயத்தைவிட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், வறுமையின் அடையாளம் என்று எண்ணிப் பலர் இவற்றை எறிந்துவிட்டார்கள். எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம் அது. உங்கள் பெட்டி தப்பியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வறுமை இதில் இருந்தது உண்மைதான். ஆனால் வறுமை மட்டும் இருந்திருந்தால் நிறங்களை அடுக்கிப் பார்த்துத் தைத்திருக்க மாட்டார்கள். பழந்துணியை அடுக்கித் தைக்கும் கலை பல மக்களிடம் இருக்கிறது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ணநூலைக்கொண்டே சேலை அடுக்குகளைத் தைத்து காந்தா என்னும் போர்வை செய்தார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் கவந்தி என்னும் போர்வை ஓர் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவது. நான்கு மூலைகளிலும் பூப்போல மடித்த துணியை வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமை பெறும். இங்கே நம் மலாய் அண்டைவீட்டார் காயின் பெர்ச்சா என்னும் வெட்டுத்துணிகளை முக்கோணமும் சதுரமுமாக இணைத்துப் போர்வையும் தலையணையுறையும் தைத்து வந்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நம் தோட்டப்புற வாழ்க்கைக்கு நெருக்கமானது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்தித் தேய்ந்த வேலையுடுப்புகளை வெட்டி அங்கே போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்ற பெண்மணி 1942இல், இறந்துபோன தம் கணவரின் வேலையுடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். மகள் ஆர்லோன்சியா உடனிருந்து உதவினார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளில் அச்சிட்டது. பால்வெட்டுக்குப் போட்டுப்போய்ப் பால்கறை ஏறிய சட்டையில் கறைபடாத முதுகுப்பகுதி உங்கள் பெட்டியில் கிடந்தால், அதைக் கழித்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, பெட்டியைத் திறப்போம். துணிகளைப் பிரிப்பதுதான் முழு வேலையிலும் முக்கியமான கட்டம். பொறுமையிழந்தவர்கள் தவறுவதும் இங்கேதான். நம் பாட்டிமார்களின் பெட்டிகளில் பருத்தி, நைலக்ஸ், வாயில், பட்டு, பாத்திக் கைலி, பள்ளிச் சீருடைத் துணி எல்லாம் கலந்துதான் இருக்கும். எது எந்த இழை என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து இரண்டு நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் தரும். நைலக்ஸ், பாலியெஸ்டர் போன்றவை உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். இந்தச் சோதனையைக் கழுவுதொட்டிக்கு அருகில் நீங்களே செய்யுங்கள். பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.

முதல் வேலைக்குப் பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உருகும் துணிகளைச் சூடான இஸ்திரிப்பெட்டி கெடுத்துவிடும். பருத்தியோடு சேர்த்துத் தைத்தால், துவைத்த பின் பருத்தி சுருங்கி மற்றது சுருங்காமல் நிற்க, போர்வை முழுவதும் சுளித்துக்கொள்ளும். நைலக்ஸ் சேலையிலும் பாட்டியின் நினைவு இருக்கிறதே என்று நீங்கள் வருந்தலாம். அவற்றைத் தனியே வைத்து, பின்னால் ஒரு தலையணையுறைக்கோ சுவரில் மாட்டுவதற்கோ பயன்படுத்தலாம்; வழுக்கும் துணியின் பின்புறத்தில் காயின் காம் என்று தையற்பொருள் கடைகளில் விற்கும் ஒட்டுத்துணியை மிதமான சூட்டில் ஒட்டிக்கொண்டால் அது சொன்னபடி கேட்கும். பட்டைப் பொறுத்தவரை, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பழம்பட்டு மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும். சரிகை உள்ள இடம் பக்கத்துத் துணியை அறுக்கும். அப்படிப்பட்டதை வெட்டாமல் வைத்திருப்பதே மேல்.

பருத்தியிலும் எல்லாம் உதவாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கிடையே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு இரு கைகளாலும் மெதுவாக இழுங்கள். கிழியும் ஓசை கேட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். சேலையில் உட்காரும் இடமும் கொசுவமும் முதலில் நையும். முந்தானையும் கரையோரமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேறியவற்றை வெந்நீரில் தனித்தனியே நனைத்து, வெள்ளைத்துணியால் ஒற்றிப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் பாத்திக்கும் சாயம் விடக்கூடியவை. சாயம் நிற்கும்வரை அலசுங்கள், நிற்காத துணியை ஒதுக்கிவிடுங்கள். வினிகர் ஊற்றினால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வதுண்டு. பருத்தித் துணிக்கு அது உதவுவதில்லை.

முதல் போர்வைக்கு ஒன்பது கட்ட முறையைப் பரிந்துரைக்கிறேன். வெளிர் நிறமும் அடர் நிறமும் மாறி மாறி வரும்படி மூன்று வரிசையில் மூன்று சதுரங்கள் வைத்துத் தைப்பது அது. சதுரத்தை நாலரை அங்குலமாக வெட்டி, எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால், தைத்தபின் ஒவ்வொன்றும் நான்கு அங்குலமாகவும், ஒன்பதும் சேர்ந்த கட்டம் 12 அங்குலமாகவும் நிற்கும். அப்படிப் பன்னிரண்டு கட்டங்களை மூன்றுக்கு நான்கு என்று இணைத்தால், 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட குழந்தைப் போர்வை கிடைக்கும்; அதற்கு 108 சதுரங்கள் வேண்டும். 44 அங்குல அகலமுள்ள ஒரு மீட்டர் துணியிலிருந்து 72 சதுரங்கள் கிடைப்பதால், இரண்டு பழைய சேலைகளின் நல்ல பகுதிகளே போதுமானவை. நிறங்கள் கூட வேண்டுமானால் உங்கள் ஊர்த் தையற்கடையில் கேளுங்கள். தீபாவளிக்கும் ஹரிராயாவுக்கும் முந்திய வாரங்களில் பாவாடை, பாஜு கூரோங் என்னும் மலாய்ப் பெண்களின் உடை வெட்டியதில் விழும் துண்டுகள் கோணிக்கணக்கில் சேரும், பெரும்பாலோர் கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார்கள்.

கால் அங்குலம் என்று சொன்னதை எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் காப்பதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. சட்டை தைக்கும்போது தையலுக்கு வெளியே அரை அங்குலத்துக்கு மேல் விட்டுப் பழகியவர்களுக்கு இது முதலில் சிரமமாக இருக்கும். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூலிழை தவறினாலும், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றையொன்று சந்திக்காது. தையல் இயந்திரத்தின் தகட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலத் தொலைவில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டி, துணியின் விளிம்பை அதை ஒட்டியே செலுத்துங்கள். காலால் மிதிக்கும் பழைய சிங்கர் இயந்திரம் வீட்டில் இருந்தால் அதுவே போதும். அதன் நேர்த்தையலுக்கு இணை இல்லை. சதுரங்களை எப்போதும் இழை ஓடும் திசைக்கு நேராக வெட்டுங்கள், இழைக்கு மூலைவாட்டாக வெட்டிய துணி இழுபட்டு உருமாறும். தைத்த விளிம்புகளை அடர்நிறத் துணியின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரியைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வையுங்கள்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலே போதும் என்றாலும், ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த உருளும் வட்டக்கத்தி இந்த வேலையின் வேகத்தையே மாற்றிவிட்டது. நான்கு அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் நேராக வெட்டும். ஈப்போவுக்குப் போகும்போது கத்தியும் அதற்குரிய பலகையும் அளவுகோலும் வாங்கிக்கொள்ளலாம். அதன் கூர்மை சவரக்கத்தியின் கூர்மை என்பதால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

போர்வையின் நடு அடுக்கு பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. குளிர்நாட்டவர் காட்டும் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு நம் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் ஏற்றதன்று. மின்விசிறியின் கீழ்கூட அதைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது. இலவம்பஞ்சும் வேண்டாம், துவைத்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பாட்டி செய்ததுபோல நைந்த பருத்திச் சேலையை ஓரடுக்காகவோ ஈரடுக்காகவோ நடுவில் வைத்து, அடியில் இன்னொரு சேலையையோ பழைய வேட்டியையோ பரப்புங்கள். அடித்துணி எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். கூடத்துத் தரையில் அடித்துணியை இழுத்து ஒட்டுநாடாவால் நிறுத்தி, மேலே மற்ற இரண்டையும் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு சாண் இடைவெளியில் நீளநீளமாகத் தற்காலிக இழை ஓட்டுங்கள். இந்த வேலைக்கு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் இடமுண்டு. ஒருவர் இழுத்துப்பிடிக்க ஒருவர் நீவிவிட வேண்டியிருப்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதை இயந்திரத்திலும் செய்யலாம். கையால் தைக்கும்படியே நான் சொல்வேன். விரைவில் முடிவதில் இதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மாலையில் உட்கார்ந்து ஒரு வரி தைத்துவிட்டு எழும் அந்த நேரம்தான் இதன் இன்பம், மடியில் துணி இருக்கும்போது வீட்டுப் பேச்சும் தானாக வரும். இரு விரற்கடைக்கு ஒரு வரியாக ஓட்டுத்தையல் போட்டால், துவைக்கும்போது உள்ளடுக்கு நகராது. ஓர் அங்குலத்தில் ஐந்து ஆறு தையல் வந்தாலே தொடக்கத்துக்குப் போதும். நெருக்கத்தைவிடச் சீராக இருப்பதே அழகு. நூலின் முடிச்சை மேல்துணி வழியாக லேசாக இழுத்து நடு அடுக்குக்குள் புதைத்துவிட்டால் இருபுறமும் முடிச்சு தெரியாது. ஓரத்துக்குப் பட்டி வைக்க, 36க்கு 48 அங்குலப் போர்வையைச் சுற்றி வர 168 அங்குலமும் மூலைகளுக்குச் சற்று மிகுதியும் வேண்டும். ஐந்தரை மீட்டர்ச் சேலையின் நீளம் ஏறத்தாழ 216 அங்குலம் ஆகையால், அதன் நீளவாட்டில் இரண்டரை அங்குல அகலத்தில் ஒரே ஒரு கீற்றை எடுத்தால் இணைப்பே இல்லாத பட்டி கிடைத்துவிடும். கரையோரத்தைத் தேர்ந்தெடுத்தால் பாட்டி உடுத்திய சேலையின் கரையே போர்வைக்கும் கரையாகும்.

மகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். சதுரங்களைத் தரையில் பரப்பி அடுக்கும் வேலையை முழுவதுமாக அவளிடமே விடுங்கள். அவள் அடுக்கியதைக் கைப்பேசியில் கறுப்புவெள்ளைப் படமாக எடுத்துக் காட்டினால், எது வெளிர், எது அடர் என்பது நிறமயக்கம் இல்லாமல் விளங்கும்; மாற்ற வேண்டியதை அவளே மாற்றுவாள். பதினொரு வயதில் கைத்தையல் நன்றாகவே வரும். முதல் வரிகள் கோணலாகத்தான் இருக்கும். அவள் தூங்கியபின் பிரித்துத் திருத்தித் தைக்கும் பழக்கம் சில தாய்மார்களிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மறுநாள் பிள்ளை கண்டுபிடித்துவிடும், பிறகு ஊசியைத் தொடாது. வட்டக்கத்தியை மட்டும் இப்போதைக்கு அவள் கையில் கொடுக்க வேண்டாம்.

உங்கள் தாயாருக்குப் பார்வை மங்கியிருக்கலாம், விரல் மங்கவில்லை. துணியைத் தடவியே இது வாயில், இது கைலி என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பெட்டியைப் பிரிக்கும் நாளில் அவரை நடுவில் உட்காரவைத்து, ஒவ்வொரு துணியின் நிறத்தையும் கரையையும் நீங்கள் சொல்லச் சொல்ல, அது யாருடைய சேலை, எந்தத் திருமணத்துக்கு எடுத்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது உடுத்தியது என்று அவர் சொல்வதை மகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தைக்கவும் விரும்பினால், நூலைப் பக்கவாட்டில் அழுத்தி நுழைக்கும் பிளவுக்கண் ஊசியும், தடித்த நூலும் கொடுத்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக அடுக்குகளைக் கட்டும் முறையைச் செய்யச் சொல்லலாம். அப்படிக் கட்டிய போர்வையும் முறையான போர்வையே.

எழுதிக்கொண்டதைத் தாளில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜப்பானியர் காலத்தில், 1942இல், சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். தன் பெயரையும் தன்னை அடையாளம் காட்டும் ஒரு சித்திரத்தையும் ஒவ்வொருத்தியும் தன் சதுரத்தில் தைத்தாள். ஆண்களின் முகாமில் இருந்த கணவன்மார்கள் தம் மனைவியர் உயிரோடு இருப்பதை அறிய அது ஒரு வழி. இரண்டு போர்வைகள் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. பெயர் தைத்திருந்ததால்தான் அவர்கள் யார் என்பதை இன்றும் நம்மால் அறிய முடிகிறது. அதே ஆண்டுகளில் துணிப்பஞ்சத்தால் சாக்கு உடுத்திய நம் தோட்டத்து மக்கள் தைத்தவற்றில் பெயர்கள் இல்லை. ஆகவே போர்வையின் பின்புற மூலையில் ஒரு வெள்ளைத்துண்டை வைத்து, யாருடைய துணி, யார் தைத்தது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைத் தமிழிலேயே பின்தையலால் எழுதுங்கள். தோட்டத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். பல தோட்டங்களின் பெயரை இனிப் பலகைகளில் காண முடியாது.

இந்தக் குழந்தைப் போர்வை முடிந்தபின் பாட்டியின் வேலையைக் கையில் எடுங்கள். அதை முதலில் படமெடுத்துவிட்டு, திருப்பிப் பார்த்து, அடுக்குகள் சேர்க்கப்பட்டுவிட்டனவா, அல்லது மேல்துண்டுகள் மட்டும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கண்டறியுங்கள். மேல்பகுதி மட்டும் என்றால், மேலே சொன்ன முறையில் நடு அடுக்கும் அடித்துணியும் வைத்துத் தொடரலாம். அடுக்கியே தைத்திருந்தால், அவர் ஊசி எந்தத் திசையில் நகர்ந்தது, வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட்டார் என்பதைப் பார்த்து அதே போக்கில் செல்லுங்கள். அவருடைய தையல்களில் ஒன்றையும் பிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கோணலாகத் தெரிவது அவருடைய கை. அவர் நூலை ஒத்த நூலைத் தேடி அலைவதைவிட, ஒரு சாயல் மாறிய நூலால் தைப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. அவர் எங்கே நிறுத்தினார், நீங்கள் எங்கே தொடங்கினீர்கள் என்பதை உங்கள் மகள் விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். இற்றுப்போன துண்டுகளை வெட்டி எடுக்காமல், மேலே மெல்லிய ஆர்கண்டித் துணியைப் போர்த்தி ஓரங்களைத் தைத்துவிட்டால் அடியில் உள்ள நிறம் தெரியும், துணியும் மேலும் கிழியாது.

முடிந்த போர்வையைப் பயன்படுத்துங்கள். துவைக்கும்போது தண்ணீர்த்தொட்டியில் மென்மையான சோப்பில் அமிழ்த்தி, பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே தையல் விடும். நம் காற்றின் ஈரத்துக்கு பிளாஸ்டிக் பை பூஞ்சணத்தை வளர்க்கும், ஆகையால் பழைய பருத்தித் தலையணையுறைக்குள் வைத்து அலமாரியில் அடுக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, முன்பு மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு வாட்டத்தில் மடித்து வையுங்கள். கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி தேடிவரும், எனவே போர்வைக்குக் கஞ்சி வேண்டாம்.